பதினான்கு மாதப் பத்தியம்

அன்று எங்கள் வளவுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான் ஒருத்தி. என் கணவர் அறை வாசலில் பாயைப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா குசினிப் படியில். கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், தம்பியைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், அம்மாவுக்குப் பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு. பழம் விற்க வருகிற முஸ்லிம் அண்ணன், எங்கள் வாயில் பழக்காரக் காக்கா, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மாமர நிழலில் நின்றார். வேறு ஒருவரும் இல்லை. இதை இவ்வளவு திட்டமாக எழுதக் காரணம் இருக்கிறது. பின்னாளில் மச்சாள் இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். கடைசியில் அரை ஊரே எங்கள் முற்றத்தில் நின்றதாக ஆகிவிட்டது. நின்றது ஐந்து பேர்தான். ஐந்து பேருக்கும் நடுவில், காக்காவின் உள்ளங்கையில், ஒரு தேசிக்காய்.

அந்தத் தேசிக்காய், எழுத்தில் சொன்னால் எலுமிச்சங்காய், ஏன் அவ்வளவு பெரிய விசயமானது என்பதற்கு முழங்காலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பதினைந்து வயதிலிருந்து வாவியில் வீச்சு வலை வீசியவர். வாவி என்பது எழுத்தில்தான், வீட்டில் நாங்கள் ஆறு என்றே சொல்லுவோம். இடுப்பளவு தண்ணீரில், சேற்றில் காலை ஊன்றி, உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி வலையை விசிற வேண்டும். அந்த முறுக்கையெல்லாம் இருபத்தேழு வருடமாக வாங்கியது வலது முழங்கால். முதலில் காலையில் எழும்பும்போது மட்டும் விறைப்பு. பிறகு படியிறங்கினால் மணலை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த மாரி முடியும்போது அவர் நொண்டத் தொடங்கிவிட்டார்.

வேறு காலமென்றால் நொண்டுவது ஒரு வருத்தம், அவ்வளவுதான். சண்டை நடந்த அந்த வருடங்களில் அது ஒரு சாட்சி. பஸ்ஸில் போகிற எல்லோரையும் ஆமிக் காவலரணான சென்றிக்கு முன்னால் இறக்கி, தார்ப் பீப்பாய்களுக்கு நடுவால் நடக்கவைத்து, அந்தப் பக்கம் ஏற்றுவார்கள். காலை இழுத்துக்கொண்டு நடக்கிற ஆம்பிளையைக் கண்டால், எங்கே பட்ட காயம், யாரோடு நின்று வாங்கிய சூடு என்று கேள்வி வரும். அவரையும் ஒருநாள் தனியே நிறுத்தினார்கள். சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கச் சொல்லித் தழும்பு தேடினார்கள். தழும்பு இல்லை. காயமே இல்லாமல் ஏன் நொண்டுகிறாய் என்பது அடுத்த கேள்வியானது. கிராமசேவகர் போய்ச் சொல்லி மீட்டுக்கொண்டு வரும்போது பின்னேரமாகிவிட்டது. ஒருவரும் அடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மனிதன் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னது ஒரேயொரு வார்த்தை.

"அடுத்த முறை விடமாட்டாங்க."

அன்றிலிருந்து அவர் வெளியே போகவில்லை. உண்மையைச் சொன்னால், நான் விடவில்லை. நான் பயந்த பிறவி. அடுப்பில் வைத்த பானை கொதிக்காவிட்டாலும் பயப்படுவேன், கொதித்தாலும் பயப்படுவேன். முற்றத்தில் இறங்கினால் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும் என்று அதையும் தடுத்தேன். அறைக்குள்ளேயே இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தார். நான் தென்னோலைக் கிடுகு பின்னி விற்றேன். தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது.

முழங்கால் சுகமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாட்டு மருத்துவரான பரியாரியாரைக் கூட்டி வந்தோம். மூட்டு வாத எண்ணெய் காய்ச்சித் தந்து பத்தியம் சொன்னார். "புளி ஒண்ணா, தொடக்கூடாது. பழம் பச்சை ஒண்ணா. இலைக்கறி குளிர், அதுவும் ஒண்ணா. இறால், நண்டு, சின்ன மீன் வாசத்துக்கும் எடுக்கக்கூடாது. இருபத்தொரு நாள். முடிய நானே வந்து தலைமுழுக்கு வாக்கிறன்."

எங்கள் பக்கத்தில் பத்தியம் கட்டிய கைதான் பத்தியத்தை விடவும் வேண்டும். பரியாரியார் வந்து, தேசிக்காயை வெட்டித் தலையில் தேய்த்துத் தண்ணீர் வார்த்து, முதல் புளிச்சோற்றைத் தன் கையால் கொடுப்பார். அதன்பிறகுதான் எதையும் வாயில் வைக்கலாம். இடையில் முறித்தால் முறித்த பத்தியம் மூட்டுக்குள் போய் இருந்துவிடும் என்பார்கள்.

பதினெட்டாம் நாள் ஷெல் விழுந்தது. பரியாரியார் குடும்பத்தோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு கடக்கும் துறை மூடியது. இருபத்தொன்று வந்தது, பரியாரியார் வரவில்லை. நாற்பத்தொன்று வந்தது. நான் பத்தியத்தைத் தொடர்ந்தேன். வேறென்ன செய்வது? விடச் சொல்ல ஆளில்லை, தொடரச் சொன்ன ஆளின் சொல் மட்டும் வீட்டில் இருந்தது.

அவர் தின்றது இவ்வளவுதான்: வெள்ளைச் சோறு, உள்ளியும் மிளகும் போட்ட குழம்பு, சுட்ட கருவாடு, சில நாளைக்குப் பருப்பு. நானும் அம்மாவும் முருங்கையிலையும் மீன் புளியாணமும் சாப்பிடுவோம். அவருக்கு வாசம் போகக்கூடாதென்று குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடுவோம்.

"மணலை மீன் போல கிடக்கே வாசம்," என்பார் அறைக்குள்ளிருந்து.

"இல்ல, பக்கத்து வீட்டில," என்பேன்.

"பக்கத்து வீடு எரிஞ்சி மூணு மாசம்," என்பார்.

சிரிப்பு வரும். கதவை இன்னும் இறுக்கிச் சாத்துவேன்.

ஒரு வருடம் கழிந்தபோது வலது முழங்காலோடு இடதும் சேர்ந்துகொண்டது. குதிக்கால் நொந்தது. கெண்டைக்காலில் தட்டாமல் முட்டாமல் ஊதா நிறத்தில் கண்டல்கள். உமிக்கரியால் பல் விளக்கித் துப்பினால் பல் முரசு கசிந்து எச்சிலோடு இரத்தம். வருத்தம் கூடக் கூட நான் பத்தியத்தை இறுக்கினேன். எங்கேயோ என் கை தவறி ஒரு துளி புளி பட்டிருக்க வேண்டும் என்று நினைத்து, சட்டியைத் தனியாக்கினேன், அகப்பையைத் தனியாக்கினேன், கடைசியில் கருவாட்டையும் நிறுத்தினேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. அன்பினால் செய்தேன் என்று சொல்லலாம். பயத்தினால் செய்தேன் என்பதுதான் சரி.

அந்தத் தை மாதம் அறிவித்தல் ஒன்று வந்தது. தோணி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆனி முடியுமுன் நேரில் வந்து புதிதாகப் பதிய வேண்டும். பதியாத தோணி எடுக்கப்படும். வேறு ஆளை அனுப்ப முடியாது. பதிகிற இடம் சென்றிக்கு அந்தப் பக்கம். பீப்பாய்களுக்கு நடுவில் இருநூறு யார் தூரம் நடக்க வேண்டும். நான் அந்த இருநூறு யாரையும் கனவிலும் நனவிலும் நடந்தேன். அவர் நொண்டினால் ஆள் போகும். போகாமல் இருந்தால் தோணி போகும், ஏன் வரவில்லை என்று தேடி வந்தால் ஆளும் போகும்.

அம்மாவின் இருமலுக்கு மருந்தெடுக்க டிஸ்பென்சரிக்குப் போன இடத்தில் தாதி மிஸியிடம் இதைச் சொன்னேன். சொல்லும் எண்ணத்தோடு போகவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. மிஸி முழங்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "முரசால ரத்தம் வருதா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முரசைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கண்டல்களை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"என்னகா சாப்பிடுறார்?"

சொன்னேன். மிஸி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தின நாளா?"

"பதிமூணு மாசமா, மிஸி."

"ஆமிக்காரன் சிறையில போட்டாலும் இதவிட நல்லாச் சோறு குடுப்பான், புள்ள."

அப்படிச் சொல்லிவிட்டு, நான் அழத் தொடங்கியதைக் கண்டு கதிரையை இழுத்துப்போட்டு இருத்தினார். ஆட்டுக்கால் எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழவென்று ஒன்று இருக்குமே, அதுதான் முழங்காலில் தேய்கிறது என்றார். "தேஞ்சத பழம் திருப்பித் தராது. அத நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா அந்த வழவழப்பு நிண்டு பிடிக்க உடம்புக்கு விற்றமின் சி வேணும். எலும்புக்கு டி வேணும், அது வெயில்ல இருந்து வாற. இந்த ரெண்டும் காணாத ஆக்களுக்கு முழங்கால் கெதியாத் தேயுது எண்டு சொல்றாங்க, முடிவா இன்னும் தெரியா. ஆனா முரசால ரத்தம் வாறதும் கண்டல் வாறதும் எதால எண்டு எனக்கு வடிவாத் தெரியும். நோவில பாதி அதால வந்த நோ. நீ அவருக்குப் புளியையும் நிப்பாட்டி வெயிலையும் நிப்பாட்டிக் கிடக்காய்."

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சுகாதாரப் பாடத்துக்கு ஒரு படம் சுவரில் தொங்கியது ஞாபகம் வந்தது. ஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கரட், சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பாதி வெட்டிய தோடம்பழம், டி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கிற சூரியன். அடுத்த தவணையில் படிப்பிப்போம் என்றார்கள். அடுத்த தவணைக்கு நான் போகவில்லை.

விற்றமின் சி குளிசை கேட்டேன். ஒரு சின்னப் பொட்டலம் தந்தார். நான் போன காலோடு திரும்பி வந்து, "ரெண்டு ரெண்டாக் குடுத்தா சுறுக்கா வருமா?" என்றேன்.

"ஒண்டுதான். மிச்சத்தக் கொய்யாப்பழத்தால குடு. இவ்வளவு நாளும் குறைச்சுக் கொல்லப் பாத்தாய், இனிக் கூட்டிக் கொல்லாத."

வீட்டில் வந்து சொன்னால் ஒருவரும் ஏற்கவில்லை. அம்மா நெஞ்சில் கையை வைத்தார். மச்சாள் அந்தச் செய்தியைக் கேட்கவே வந்தவர் போல வந்து, "ஏழாம் வகுப்பு டாக்குத்தரம்மா! தேசிப்புளி எலும்ப உருக்கும் எண்டு பச்சப் புள்ளைக்கும் தெரியும். என்ர தம்பிய உருக்கிக் கூட்டி அள்ளப் பாக்காய்," என்றார். எல்லாவற்றிலும் பெரிய தடை அவர்தான். குளிசையை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"பரியாரி வரட்டும்."

"பரியாரியார் ஆத்துக்கு அங்கால. எப்ப வருவாரோ தெரியா."

"பத்தியம் கட்டினவன் மனம் நொந்தா இந்தக் காலும் போயிடும் புள்ள. எனக்கு இருக்கிறது ரெண்டு கால்தான்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவள் நான்தானே.

அப்போதுதான் பழக்காரக் காக்காவின் நினைவு வந்தது. காத்தான்குடியிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் சைக்கிளில் வருவார். ஐம்பது வயதிருக்கும். தேசிக்காய், கொய்யா, சில வேளை தோடம்பழம். அவற்றை அவர் எடுத்துவருவதே படுவான்கரைத் தோட்டங்களிலிருந்துதான். துறை திறக்கிற நாட்களில் யாவாரிகளை மட்டும் போக விடுவார்கள்.

வேலியோரம் நின்று, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னேன். "காக்கா, பரியாரியாரக் கண்டா ஒரு வார்த்தை கேட்டு வருவீங்களா? பத்தியத்த விடலாமா எண்டு."

"கடிதம் கிடிதம் தராதங்க தங்கச்சி. துறையில பையக் கொட்டிப் பாப்பான். வாயிலதான் கொண்டு போவன்." கொஞ்சம் யோசித்து, "பத்தியம் எண்டா என்ன, ஏதும் ரகசியச் சொல்லெண்டு நினைச்சி என்னப் பிடிப்பானோ?" என்று தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதையும் சேர்த்துப் பயப்படத் தொடங்கிவிட்டேன். அவர் வராத அந்தப் பன்னிரண்டு நாளும், எங்கள் வீட்டு முழங்காலுக்காக ஒரு வேற்று வீட்டு மனிதனைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டேன் என்றே தோன்றியது.

பதின்மூன்றாம் நாள் வந்தார். அதுதான் நான் சொன்ன ஐந்து பேர் இருந்த நாள்.

உள்ளங்கையில் தேசிக்காயை வைத்துக்கொண்டு நின்றார். பெரியது, காம்போடு, ஒரு இலையும் ஒட்டியிருந்தது. "பரியாரியார் தன்ர மரத்தில தன்ர கையால பறிச்சித் தந்தவர்," என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னார். "அவர் சொல்லச் சொன்னது இதுதான் தம்பி. 'நான் இருபத்தொரு நாள்தானே சொன்ன. அந்தப் பொடியன் இன்னுமா கிடக்கான்? என்ர பத்தியத்தால ஆள் செத்தா எனக்கெல்லோ பழி. இண்டைக்கே தலைய முழுகட்டும்.'"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

மச்சாள் மட்டும் விடவில்லை. "கட்டின கை வராம, யாவாரிட கையால எப்படி விடுற? அதுவும்..." என்று தொடங்கி நிறுத்தினார். நிறுத்திய இடம் எல்லோருக்கும் விளங்கியது, காக்காவுக்கும்தான்.

காக்கா கோபிக்கவில்லை. "கை அவரிட கைதான் ராத்தா. நான் தேசிக்காயச் சுமந்த சைக்கிள்."

என் கணவர் அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு வாசற்படியைத் தாண்டி முற்றத்தில் காலை வைத்தார். வெயிலில் கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதனின் நிறம் எனக்குப் புதிதாக இருந்தது. தண்ணீரில் ஊறிய பன் புல் மாதிரி வெளிறிக் கிடந்தார். மாமரத்தடிக்கு வந்து குந்த முடியாமல் ஒரு உரலின் மேல் இருந்தார்.

"நீங்களே தேச்சி விடுங்க காக்கா," என்றார்.

காக்கா தயங்கினார். என்னைப் பார்த்தார். நான் கத்தியைக் கொண்டு வந்தேன். அவர் வெட்டி, பாதியைத் தலையில் தேய்த்தார். நான் தண்ணீர் வார்த்தேன். மற்றப் பாதியை அம்மா சோற்றில் பிழிந்து உப்புப் போட்டுப் பிசைந்து கொடுத்தார். வாயில் வைத்ததும் முரசு எரிந்து அவர் முகம் கோணிய கோணலைக் கண்டு, மச்சாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உருகுதாடா தம்பி?" என்றார்.

"உருகுது அக்கா. இன்னொரு வாய் தரச் சொல்லு."

அதற்குப் பிறகு நடந்ததை அற்புதம் என்று எழுத மாட்டேன். இரத்தம் வருவது இரண்டு மூன்று கிழமையில் நின்றது. கண்டல்கள் மஞ்சளாகி மறைந்தன. குதிக்கால் நோவும் இடது முழங்கால் நோவும் போயின. வலது முழங்கால் மட்டும் மணலை மென்றுகொண்டேதான் இருந்தது, ஆனால் விறைப்புக் குறைந்தது. காலை வெயிலில் வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரையில், ரோட்டுக்குத் தெரியாத இடத்தில், கவிழ்த்த தோணியில் இருப்பார். மிஸி சொன்னபடி காலை நீட்டி, கணுக்காலில் மணல் பையைக் கட்டித் தூக்கித் தூக்கி வைப்பார். முருங்கையிலை, நெத்தலி, கொய்யா, தினம் ஒரு தேசிக்காய். என் பயம் இப்போது மறுபக்கம் சாய்ந்தது. ஒரு நாளைக்கு ஆறு தேசிக்காய் பிழிந்து கொடுத்து அவருக்கு வயிறெரிந்து, மிஸியிடம் மறுபடி ஏச்சு வாங்கினேன்.

இவ்வளவு பழத்துக்கும் எங்களிடம் காசு ஏது? கிடுகுக் காசு அரிசிக்கே போதாது. காக்கா கொப்பியில் எழுதவில்லை. "அவர் ஆத்துக்குப் போன பிறகு தாங்க," என்றார். நான்தான் அரிசிப் பானை மூடியில் கரியால் கோடு போட்டுக் கணக்கு வைத்தேன்.

ஆனி முடிய ஒன்பது நாள் இருக்கையில் அவர் பதியப் போனார். நானும் கூடப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கினோம். பீப்பாய்களுக்கு நடுவில் அவர் முன்னால், நான் பின்னால். அவருடைய வலது கால் ஊன்றுவதை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். சாதாரணமாக, கொஞ்சம் களைத்த மனிதன் நடக்கிற மாதிரி நடந்தார். சென்றியில் நின்ற பையன் அடையாள அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். காலைப் பார்க்கவில்லை. "யன்ன," என்றான். போகச் சொன்னான்.

அந்தப் பக்கம் போய், கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவர் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. "நல்லா நொந்ததா?" என்றேன். "செத்துப் போனன்," என்றார். அப்படியென்றால் நோவு போகவில்லை, அதைத் தாங்குகிற பலம்தான் வந்திருந்தது. அது பழத்தால் வந்ததா, வெயிலால் வந்ததா, மணல் பையால் வந்ததா, மிஸிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த கிழமை தோணியை இறக்கினார். முதல் நாள் பட்ட மீனை விற்று, காக்கா வந்தபோது நூறு ரூபாய் கொடுத்தேன். இரண்டு மணலையும் கட்டிக் கொடுத்தேன். மீனுக்குக் கணக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றேன். "அவசரமில்ல தங்கச்சி, கால் ஓடிப்போகாது," என்றார்.

அந்தக் கோடை முடியுமுன் எங்கள் ஊருக்கும் அவருடைய ஊருக்கும் நடுவில் பாதை மூடியது. இரண்டு பக்கத்திலும் நடக்கக்கூடாதது நடந்தது. அதை எழுத எனக்குத் திராணி இல்லை. அவர் வரவில்லை. பாதை திறந்து, ஆட்கள் மறுபடி போய்வரத் தொடங்க வருடங்கள் ஆகின. முதல் தரம் காத்தான்குடிச் சந்தைக்குப் போன அன்றே விசாரித்தேன். "எந்தக் காக்கா? பேரென்ன?" என்றார்கள். அப்போதுதான் உறைத்தது. ஐந்து மாதம் அவர் கையால் பழம் வாங்கியும் பெயரைக் கேட்கவில்லை. காக்கா என்றால் அவர் திரும்பிப் பார்ப்பார், அது எனக்குப் போதுமாக இருந்தது. சைக்கிளில் தேசிக்காய் விற்றவர், ஐம்பது வயது, கொஞ்சம் கட்டை என்றேன். அப்படி நூறு பேர் என்றார் ஒரு கடைக்காரர். இப்போது இருக்கிறாரோ இல்லையோ என்று மற்றவர் சொல்லத் தொடங்க, நான் கேட்காமல் வந்துவிட்டேன்.

என் கணவர் அதன்பிறகு பதினொரு வருடம் அந்த முழங்காலோடு ஆற்றில் இறங்கினார். இப்போது என்னுடைய முழங்காலும் மணலை மெல்லத் தொடங்கியிருக்கிறது. சந்தையில் தேசிக்காய் வாங்கும்போதெல்லாம், விற்கிற ஆளின் முகத்தை ஒருதரம் கூடுதலாகப் பார்ப்பேன். அந்தப் பானை மூடி இன்னும் இருக்கிறது, கரி அழிந்துவிட்டது. ஆனால் கணக்கு எனக்குத் தெரியும். கொடுத்த நூறு போக, முந்நூற்றுப் பதினைந்து ரூபாய்.